தொறு

நாற்பத்தொரு டிகிரி. மேல்விஷாரத்தில் கரண்ட் இல்லை.
நான் கான்சாஸில் பனி பெய்யவைக்கப் பார்க்கிறேன்.
பனியை நான் கண்டதில்லை.
உப்பைக் கண்டிருக்கிறேன்:
பச்சைத் தோல்மேல் மண்வெட்டியால் வீசும் கல்லுப்பு,
கிடங்குத் தரையில் கணுக்கால் ஆழம்.
1874 டிசம்பர்,
சமவெளி முழுக்க உப்புக் கொட்டியதுபோல் கிடந்தது
என்று எழுதி,
'போல்' மட்டும் அடித்தேன்.

பகலில் தோல் தரம் பிரிப்பது என் வேலை.
ஒன்று, இரண்டு, மூன்று, கழிவு.
சூட்டுத் தழும்பு இருந்தால் ஒரு படி இறங்கும்.
கண்ணுக்கு முந்தி விரலுக்குத் தெரிந்துவிடும்.
அதனால்தான்
கன்றுக்குச் சூடு போடும் அத்தியாயம்
ஒரே ராத்திரியில் முடிந்தது.
ஜுபைதா படித்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.
எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.
இரண்டாவதும் அவளுடையதே:
"இத்தனை பேரு சாவுறானுங்க,
ஒருத்தனாச்சும் குளிச்சானா?"

மூன்று வாரம் தேடினேன்.
முடிதிருத்தும் கடையின் பின்னறை, தகரத் தொட்டி, கால் டாலர்.
முந்தினவன் குளித்த தண்ணீர் வேண்டாமென்றால்
அதற்குத் தனிக் காசு.

ஒரு குதிரை நாளொன்றுக்கு எத்தனை மைல் போகும்?
காட்பாடி கால்நடை மருத்துவமனைக் கம்பவுண்டர்
கேள்வியைத் திருப்பி வைத்தார்:
"என்ன தீனி? ஏறினவன் எடை என்ன? தண்ணி எங்க?"
என் வீரன்
ஆற்றுக்கு நூறு மைல் இப்பால் செத்துப்போனான்.
பதினோரு பக்கம் குப்பைக்கு.

பிறகுதான் அந்தக் கணக்குப் புத்தகம் அகப்பட்டது.
தோல் வியாபாரி ஒருவனுடையது, படமெடுத்த பக்கங்கள்.
காட்டெருமைத் தோல் 1,140. ஒன்றுக்கு ஒன்றேகால் டாலர்.
எண்ணிக்கை, தரம், விலை, கழிவு:
நான் எழுதும் அதே வரிசை.
ஆயிரத்து நூற்று நாற்பது உடலின் சதை
எங்கே போயிற்று என்று இல்லை.
அந்தப் புல் யாருடையது என்பதற்கு
அவன் கோடே போடவில்லை.
எண்பத்தேழாம் பக்கம்:
சமையற்காரன், கறுப்பு ஆள், மூன்று மாதக் கூலி தீர்ந்தது.
அடுத்த வரி:
கோவேறு கழுதை ஜூனோ, நொண்டி, விற்றாயிற்று.

கழுதைக்குப் பெயர் இருந்தது.

ஒரு ஞாயிறு, ஒடுகத்தூர்ப் பக்கம்
ஆட்டுத்தோல் பாக்கி வசூலிக்கப் போனோம், நானும் அத்தீக்கும்.
சோளக்கொல்லையில் ஒரு கல்.
வில் பிடித்தவன், முடிந்த கொண்டை, காலடியில் மாடுகள்.
கொல்லைக்காரர் மகன் கல்லூரியில் படிக்கிறான்,
சாக்கட்டி தேய்த்து எழுத்துக் கூட்டினான்:
தொறு மீட்டுப் பட்டான்.
"தொறுன்னா மாட்டு மந்தைங்க."

மாட்டுத் திருட்டு, மாட்டுத் திருட்டு என்று
ராணிப்பேட்டை ஸ்டேஷன் புகார்போல
முந்நூறு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
மூன்று சொல்லில் முடித்து
வரப்போரம் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.
பட்டவன் பெயர் இருந்தது, அப்பன் பெயரும்.
கவர்ந்துபோனவன் பெயர் அதிலும் இல்லை.
அவனுக்கும் ஒரு பஞ்சம் இருந்திருக்கும்.
அத்தீக் ஹாரன் அடித்தான்.

பதிப்பாளர் போன்: "நாற்பது பக்கமா துப்பாக்கியே காணோமே?"
அட்டையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

சமையற்காரனுக்கு ஒன்பது பெயர் வைத்துப் பார்த்தேன்.
ஒன்பதும் பிறர் சட்டை.
பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்,
கோர்ப்பவர் பிழையென்று நினைக்கட்டும்.
விடிய இன்னும் நேரமிருக்கிறது. எல்லாரும் தூக்கம்.
அவன் எழுந்து
அடுப்புக்குப் போகாமல் முதலில் கழுதையிடம் போகிறான்.
உப்பில், இல்லை, பனியில்
கால் புதைகிறது.
ஜூனோ என்கிறான்.
அது திரும்புகிறது, காது மடக்கி,
ஏதோ சொல்லவிருப்பதுபோல்.

இந்தப் 'போல்' இருக்கட்டும்.